பார்மன் 1934: வேதத்தை நம்பி நடப்பது என்றால் என்ன?

1933 நவம்பர் 13ஆம் தேதி மாலை பெர்லினின் ஸ்போர்ட்பலாஸ்ட் அரங்கில் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டிருந்தார்கள். கூட்டத்தைக் கூட்டியவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள்; சபைகளில் பொறுப்பு வகித்தவர்கள்; தங்களை 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்று அழைத்துக்கொண்டவர்கள். அந்த இயக்கத்தின் பெர்லின் தலைவர் ரைன்ஹோல்ட் கிரவுஸ மேடையேறிப் பேசினார். பழைய ஏற்பாட்டைத் திருச்சபை கைவிட வேண்டும் என்றார். அது மாட்டு வியாபாரிகளின் கதைகள் நிறைந்த நூல் என்று இகழ்ந்தார். பவுலை யூத ரபி என்று ஒதுக்கி, அவருடைய பலி, பாவநிவாரணப் போதனைகளிலிருந்து சபை விடுபட வேண்டும் என்றார். யூத வழிவந்த கிறிஸ்தவர்களைத் தனிச் சபைகளுக்கு அனுப்பவும் அன்று தீர்மானம் போட்டார்கள். அரங்கம் கைதட்டியது. அங்கிருந்த சபைத் தலைவர்கள் ஒருவரும் எழுந்து மறுக்கவில்லை.

நவீனக் கருத்துகளின் நெருக்கடிக்கு நடுவே வேதாகமத்தை வழிகாட்டியாகக் கொள்வதைப் பற்றிப் பேசும்போது, விசுவாசம் உள்ளே இருக்கிறது, உலகம் வெளியே இருக்கிறது, வெளியிலிருந்து அடிக்கிற காற்றுக்குக் கதவைச் சாத்தினால் போதும் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். 1933இன் ஜெர்மனி இந்த நினைப்பைப் பொய்யாக்குகிறது. அந்தக் காலத்தின் மிக நவீனமான, மிக வேகமாகப் பரவிய கருத்து பிரசங்க பீடத்தின் மேலேயே நின்று பேசியது, வசனமும் சொன்னது. எல்லாரும் கையில் வேதத்தை வைத்துக்கொண்டு எதிரெதிராகப் பேசும்போது வேதத்தை நம்பி நடப்பது என்றால் என்ன? கடந்த நூற்றாண்டில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த மிகத் தெளிவான பதிலும், அந்தப் பதிலின் குறையும் ஒரே ஆவணத்தில் இருக்கின்றன. 1934 மே மாதத்தின் பார்மன் அறிக்கை அது.

ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் சபைகள் அப்போது 28 மாநிலத் திருச்சபைகளாக இருந்தன. முதல் உலகப் போரில் தோல்வி, வெர்சாய் ஒப்பந்தத்தின் அவமானம், பணவீக்கம், வேலையின்மை என்று பதினைந்து ஆண்டுகள் நொந்துபோன மக்களுக்கு 1933 ஜனவரி 30இல் பிரதமரான ஹிட்லர் ஒரு விடிவாகத் தெரிந்தார். அவருடைய கட்சித் திட்டத்தில் 'நேர்மறைக் கிறிஸ்தவம்' என்ற சொல்லே இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் நடந்த சபைத் தேர்தலுக்கு முந்தைய நாள் ஹிட்லர் வானொலியில் பேசி ஜெர்மன் கிறிஸ்தவர்களுக்கு ஆதரவு கேட்டார். அவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்தார்கள். செப்டம்பரில் கூடிய பிரஷ்யச் சபைப் பேரவையில் உறுப்பினர் பலர் நாஜிகளின் பழுப்புச் சீருடையிலேயே வந்து உட்கார்ந்தார்கள். அரசு ஊழியர்களுக்கு ஏப்ரலில் வந்திருந்த இனச் சட்டத்தை அந்தப் பேரவை போதகர்களுக்கும் நீட்டியது. யூத வம்சத்தில் பிறந்தவர், திருமுழுக்குப் பெற்றவரானாலும், போதகராக இருக்கக் கூடாது என்று ஆயிற்று.

கிரவுஸ போன்ற மேடைப் பேச்சாளர்களை மறுப்பது எளிது. அந்தப் பேச்சுக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் அந்த இயக்கத்தை விட்டு விலகவும் செய்தார்கள். படித்தவர்கள் நிதானமாகப் பேசியதுதான் உண்மையான சோதனை. டூபிங்கன் பல்கலைக்கழகத்தின் கெர்ஹார்ட் கிட்டெல் புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொற்களுக்கு மாபெரும் இறையியல் அகராதி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தார். அதன் முதல் தொகுதி 1933இல் வந்தது. இன்றும் இறையியல் கல்லூரி நூலகங்களில் அது இருக்கிறது. அதே 1933இல் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்து, யூதர்களைச் சமூகத்திலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்று சொற்பொழிவாற்றி நூலாகவும் வெளியிட்டார். வேத மொழிகளை அவரைவிட ஆழமாக அறிந்தவர்கள் அன்று மிகக் குறைவு. வேதத்தை அறிவது வேறு, அதற்குக் கீழ்ப்படிவது வேறு என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியாது.

அந்தச் செப்டம்பரில் இன்னொன்றும் நடந்தது. போதகர்களுக்கான இனச் சட்டம் புதிய ஏற்பாட்டுக்குப் பொருந்துமா என்று இரண்டு பல்கலைக்கழக இறையியல் துறைகளிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ருடால்ஃப் புல்ட்மான் இருந்த மார்பர்க், பொருந்தவே பொருந்தாது என்றது. திருமுழுக்குப் பெற்றவரைப் பிறப்பைக் காட்டி ஊழியத்திலிருந்து விலக்கினால் சபை தன் அடித்தளத்தையே மறுத்ததாகும் என்று அது வாதிட்டது. எர்லாங்கன் துறை சார்பில் எழுதியவர்கள் பவுல் ஆல்ட்ஹவுஸ், வெர்னர் எலெர்ட் என்ற இரு பெரும் லுத்தரன் அறிஞர்கள். கிறிஸ்துவுக்குள் கடவுளுக்கு முன் எல்லாரும் ஒன்றே என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த ஒற்றுமை உலகத்தில் உள்ள பிறப்பு வேறுபாடுகளை நீக்கிவிடுவதில்லை, அவனவன் அழைக்கப்பட்ட நிலையில் நிலைத்திருக்கட்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார் அல்லவா என்று கேட்டார்கள். ஆகவே யூத வழிவந்தவர்களைச் சபைப் பணிகளிலிருந்து, சில விலக்குகளோடு, பின்நிறுத்திவைக்கலாம் என்பது அவர்கள் தீர்ப்பு.

வேதத்தைப் புராணக் கூறுகளிலிருந்து பிரித்து வாசிப்பவர் என்று பழமைவாதிகள் சந்தேகப்பட்ட புல்ட்மானின் துறை இந்தக் கேள்வியில் வேதத்தின் பக்கம் நின்றது. வேதத்துக்கும் விசுவாச அறிக்கைகளுக்கும் காவலர்கள் என்று பெயர்பெற்ற எர்லாங்கன்காரர்கள் வழுக்கினார்கள். வேதப் பற்றை வெளி அடையாளங்களால் அளக்க முடியாது.

பார்மன் அறிக்கையை வரைந்த இறையியலாளர் கார்ல் பார்த்துக்கு இந்த ஆபத்து புதிதல்ல. சுவிட்சர்லாந்தில் ஸாஃபென்வில் என்ற சிற்றூரின் போதகராக அவர் இருந்த 1914இல், ஜெர்மனியின் போரை ஆதரித்து 93 அறிஞர்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அவர் மிக மதித்த ஆசிரியர்கள் அடால்ஃப் ஃபான் ஹார்னாக்கும் வில்ஹெல்ம் ஹெர்மானும் அதில் இருந்தார்கள். மனித அனுபவத்திலும் பண்பாட்டிலும் கடவுளைக் கண்டுகொள்ளலாம் என்று கற்றுத்தந்த இறையியல், போர் முரசு கொட்டியதும் அந்த முரசொலியையே கடவுளின் குரலாகக் கேட்டுவிட்டதை அவர் கண்டார். பவுலின் ரோமர் நிருபத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். 1919இல் வந்த அந்த விளக்கவுரையும், 1922இல் முழுக்கத் திருத்தி எழுதிய பதிப்பும் ஐரோப்பிய இறையியலின் திசையையே மாற்றின. எந்தக் காலத்தின் எழுச்சியையும் வேதத்தின் வசனத்தோடு ஒட்டவைக்காதே என்பது பார்த் அப்போது கற்ற பாடம். இருபது ஆண்டுகள் கழித்து அது தேவைப்பட்டது.

1934 மே மாத நடுவில் ஃபிராங்ஃபர்ட் ஹோட்டல் ஒன்றில் மூன்று பேர் வரைவு எழுதக் கூடினார்கள்: லுத்தரன் சபையின் ஹான்ஸ் ஆஸ்முசென், தாமஸ் பிரைட், சீர்திருத்த சபையின் பார்த். மற்ற இருவரும் மதியம் உறங்கியபோது, காட்டமான காபியும் சுருட்டும் துணையாக வரைவைத் தானே எழுதியதாகப் பார்த் பின்னாளில் சொன்னார். மே 29 முதல் 31 வரை வுப்பர்டால் நகரத்தின் பார்மன் பகுதியில், கெமார்க்க ஆலயத்தில், 18 மாநிலத் திருச்சபைகளிலிருந்து 139 பிரதிநிதிகள் கூடினார்கள். லுத்தரன், சீர்திருத்த, ஐக்கிய சபைகள் மூன்றும் சீர்திருத்தக் காலத்துக்குப் பின் ஒன்றாக நின்று ஒரே குரலில் அறிக்கையிட்ட அரிய தருணம் அது. இராப்போஜனத்தைப் பற்றிக்கூட அவர்களுக்குள் நானூறு ஆண்டு வழக்கு இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அளவு புரியும்.

அறிக்கையின் அமைப்பே ஒரு வாசிப்பு முறை. ஆறு பகுதிகள்; ஒவ்வொன்றும் வேத வசனத்தோடு தொடங்குகிறது. அந்த வசனத்தின் மேல் நின்று நாங்கள் எதை அறிக்கையிடுகிறோம் என்று அடுத்துச் சொல்கிறது. எந்தப் போதனையைத் தள்ளுகிறோம் என்று மூன்றாவதாகச் சொல்கிறது. இந்த மூன்றாம் படிதான் பெரும்பாலான வேத விளக்கங்களில் விடுபட்டுப்போகிறது. வசனத்தைச் சொல்லி, அதைப் புகழ்ந்து, ஆமென் போட்டு இறங்கிவிடுகிறோம். அது எதற்கு எதிராக நிற்கிறது என்று சொல்லாதவரை யாருக்கும் வலிப்பதில்லை.

முதல் பகுதி யோவான் நற்செய்தியின் 14ஆம், 10ஆம் அதிகாரங்களை எடுத்துக்கொள்கிறது. வேதம் சாட்சியிடும் இயேசு கிறிஸ்துவே நாம் கேட்க வேண்டிய, வாழ்விலும் சாவிலும் கீழ்ப்படிய வேண்டிய ஒரே கடவுள் வார்த்தை என்கிறது. அதன் அருகே வேறு நிகழ்ச்சிகளையும் சக்திகளையும் ஆட்களையும் கடவுளின் வெளிப்பாடாகச் சபை ஏற்கலாம் என்ற போதனையைத் தள்ளுகிறது. 1933ஐக் கடவுள் தந்த திருப்புமுனை என்று பேராயர்களே பிரசங்கித்துக்கொண்டிருந்த நாட்டில் இது எவ்வளவு கூர்மையான மறுப்பு என்று சொல்லத் தேவையில்லை. நான்காம் பகுதி, ஆளுகிறவர்கள் அதிகாரம் செலுத்துவதைப் பற்றி இயேசு சீடர்களிடம் பேசிய மத்தேயு 20ஐக் கொண்டு, சபைக்குள் தனி அதிகாரம் கொண்ட 'தலைவர்' பதவியை நிராகரித்தது.

ஐந்தாம் பகுதியில் இன்னும் நிற்க வேண்டும். அரசுக்கு அடங்க வேண்டும் என்பதற்கு அன்று எல்லாரும் ரோமர் 13ஐயே காட்டினார்கள். அந்த அதிகாரத்தை மறுக்க முடியாது. அது வேதத்தில் இருக்கிறது. பார்மன் அதை மழுப்பவும் இல்லை. முதலாம் பேதுரு 2இலிருந்து, கடவுளுக்குப் பயப்படவும் மன்னரைக் கனப்படுத்தவும் சொல்கிற ஒரே வசனத்தை எடுத்தது. பயம் யாருக்கு, கனம் யாருக்கு என்ற வேறுபாடு அந்த ஒரே வரிக்குள் இருக்கிறது. நீதியையும் சமாதானத்தையும் காப்பது அரசின் வேலை என்று ஒப்புக்கொண்டது. மனித வாழ்வு முழுவதற்கும் தானே ஒழுங்கு என்று அரசு உரிமை கொண்டாடுவதைத் தள்ளியது. ஒரு வசனம் பிடித்துவைத்திருந்த வாசலை இன்னொரு வசனத்தால் திறந்த வேலை இது. வேதத்தை வேதத்தால் விளக்குவது என்று பழைய சீர்திருத்தவாதிகள் சொன்னது இதைத்தான். வேதத்தின் பரப்பு முழுவதும் கையில் இருந்தால்தான் இது முடியும். பழைய ஏற்பாட்டைக் கிழித்துப் போடச் சொன்னவர்களுக்கு முடியாது.

ஜூன் 11ஆம் தேதி, பார்மனுக்குப் பதினொரு நாள் கழித்து, ஆல்ட்ஹவுஸும் எலெர்ட்டும் அன்ஸ்பாக் என்ற ஊரிலிருந்து எதிர் அறிக்கை வெளியிட்டார்கள். குடும்பம், தேசம், இரத்த உறவு ஆகிய ஒழுங்குகள் வழியாகவும் கடவுளின் கட்டளை நமக்கு வருகிறது, இந்தத் தலைவரைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறோம் என்பது அதன் சாரம். இரு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வழக்கு எளிதாகத் தெரிகிறது. வேதத்தோடு 'மேலும்' ஒன்றைச் சேர்க்கலாமா? சேர்த்தவர்கள் வேதத்தை விட்டுவிடுவதாக ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் சேர்க்கப்பட்டது மெல்ல மெல்ல வேதத்தை அடக்கி ஆண்டது. 1939 மே மாதம் ஜெர்மன் சபை வாழ்விலிருந்து யூதத் தாக்கத்தை நீக்குவதற்கென ஓர் ஆய்வு நிறுவனம் வார்ட்பர்க் கோட்டையில் தொடங்கப்பட்டது. அதன் அறிஞர் வால்டர் குருண்ட்மான். யூதத் தடங்கள் நீக்கிய புதிய ஏற்பாட்டை அந்த நிறுவனம் 1940இல் அச்சிட்டது. 1521–22இல் மார்ட்டின் லூத்தர் ஒளிந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழிக்குத் தந்த அதே கோட்டை அது.

பார்மனைப் புகழ்ந்து இங்கே நிறுத்திவிட எனக்கு மனமில்லை. அந்த ஆறு பகுதிகளில் எங்கும் யூதர் என்ற பேச்சு இல்லை. சபையின் சுதந்திரத்துக்காகப் பேசிய சபை, சபைக்கு வெளியே அடிபடுகிற அண்டை வீட்டாருக்காக வாய் திறக்கவில்லை. 1967இல் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபரின் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேக்கு எழுதிய கடிதத்தில் பார்த்தே இதைத் தன் குற்றமாக ஒப்புக்கொண்டார். வேதத்தை மட்டும் கேட்போம் என்ற கொள்கை சரியாக இருந்தும், எந்தக் காயத்தின் முன் நின்று கேட்பது என்பதில் அவர்கள் தவறினார்கள்.

போன்ஹோஃபர் இதை முன்பே உணர்ந்திருந்தார். 1933லேயே யூதர் பிரச்சினை பற்றிய கட்டுரையில், அரசு சக்கரத்தில் நசுங்குகிறவர்களுக்குக் கட்டுப்போடுவதோடு சபை நின்றுவிட முடியாது, தேவைப்பட்டால் சக்கரத்தையே தடுக்க வேண்டும் என்று எழுதினார். ஃபிங்கன்வால்டயில் அவர் 1935 முதல் நடத்திய இரகசியம் கலந்த போதகர் பள்ளியில் மாணவர்கள் தினமும் காலையில் அரை மணி நேரம் ஒரு சிறு வேதப் பகுதியின் முன் அமைதியாக உட்கார வேண்டும். வாரம் முழுவதும் அதே பகுதி. விளக்கவுரை பார்க்கக் கூடாது. பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்கக் கூடாது. இது நம்மிடம் என்ன கேட்கிறது என்பதே கேள்வி. பல மாணவர்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள். 1937இல் ரகசியப் போலீஸ் அந்தப் பள்ளியை மூடியது. 1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனியெங்கும் யூத ஜெபாலயங்கள் எரிந்தபோது, அவர் தன் வேதாகமத்தில் 74ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனத்துக்கு அருகே அந்தத் தேதியைக் குறித்துவைத்தார். தேசத்தில் கடவுளின் ஆலயங்கள் சுட்டெரிக்கப்பட்டதைப் புலம்புகிற வசனம் அது. எரிகிற ஜெபாலயத்தைக் கடவுளின் வீடு என்று வாசிக்க அந்த அரை மணி நேரப் பழக்கம் அவருக்குக் கற்றுத்தந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். 1945 ஏப்ரல் 9இல் ஃப்ளோசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அந்த நவம்பரில் பெரும்பாலான பிரசங்க பீடங்கள் மௌனமாக இருந்தன. துரிங்கியாவின் பேராயர் மார்ட்டின் ஸாஸ, லூத்தர் 1543இல் யூதர்களுக்கு எதிராக எழுதியதிலிருந்து தொகுத்து, நடந்தவற்றைக் கொண்டாடிச் சிறு நூல் வெளியிட்டார். ஓபர்லென்னிங்கன் என்ற சிற்றூரின் போதகர் யூலியுஸ் ஃபான் யான் நவம்பர் 16ஆம் தேதி, மனந்திரும்புதலின் நாளில், எரேமியா 22:29ஐ எடுத்துப் பிரசங்கித்தார். கடவுளின் ஆலயங்கள் எரிக்கப்பட்டதையும் குற்றமற்றவர்கள் சிறைப்பட்டதையும் வெளிப்படையாகக் கண்டித்தார். சில நாட்களில் ஒரு கும்பல் அவரை இழுத்துப்போட்டு அடித்தது, பிறகு சிறை. ஸாஸ தம் சபையின் தந்தையை நம்பினார்; ஃபான் யான் எரேமியாவை நம்பினார். வேதத்தை நம்புவது சில சமயம் நம் மிகப் பெரிய ஆசானையும் வேதத்தின் முன் நிறுத்தி விசாரிப்பதாகும்.

எர்லாங்கன் வாதத்தைத் தமிழ்த் திருச்சபை வரலாறு படித்தவர்கள் எங்கோ கேட்டதாக உணர்வார்கள். 1833 ஜூலையில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே, அடியோடு கைவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தனித்தனி இருக்கைகளும், இராப்போஜனத்தில் யார் முதலில் என்ற வரிசையும் அன்று நடைமுறை. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். ஆவிக்குரிய வாழ்வில் நாம் ஒன்றே, சாதி என்பது குடிமை வழக்கம், அதில் சபை தலையிடக் கூடாது என்பது அவர்கள் வாதம். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டபோது லைப்சிக் லுத்தரன் மிஷன் உடன்படவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் சாதியைச் சமூக ஏற்பாடாகக் கருதிப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கருதினார். திருக்குறளை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுசென்ற பெரிய தமிழறிஞர் அவர். தமிழுக்கு அவர் செய்த தொண்டை மதிக்கிறேன், இந்தத் தீர்ப்பை ஏற்க முடியாது. கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன் என்ற வேறுபாடில்லை என்று கலாத்தியருக்கு எழுதிய பவுல், முன்பு அந்தியோகியாவில் பேதுருவை முகத்துக்கு நேராக எதிர்த்தது எதற்காக? யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்காக. ஆவிக்குரிய ஒற்றுமை, உலகத்துக்குரிய வேறுபாடு என்று பிரித்துவைக்க அந்த நிருபத்தில் இடமே இல்லை.

தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்த சபை 1857இல் எடுத்த முடிவு இதைவிட வெளிப்படை. கறுப்பின விசுவாசிகளை ஒரே சபையில் சேர்ப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று பேரவை ஒப்புக்கொண்டது; ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனி ஆராதனை நடத்தலாம் என்று அனுமதித்தது. அந்தச் சலுகையிலிருந்து தனிச் சபைகளும், காலப்போக்கில் இனஒதுக்கலுக்கு வேத ஆதாரம் தேடிய இறையியலும் வளர்ந்தன. அதன் கீழ் தனியாக்கப்பட்ட கலப்பினத்தாரின் சபை 1982இல் பெல்ஹாரில் ஓர் அறிக்கையை வரைந்து 1986இல் ஏற்றுக்கொண்டது. வசனம், அறிக்கை, தள்ளுதல் என்ற பார்மனின் வடிவத்தைப் பின்பற்றிய அது, பார்மன் சொல்லாமல் விட்டதைச் சொன்னது: கடவுள் சிறப்பான விதத்தில் ஒடுக்கப்பட்டவர்களின் கடவுள், சபை அவர் நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும். விலக்கப்பட்டவர்கள் வாசித்தபோது வேதம் முழுமையாகப் பேசியது.

ஆகவே நம் சபைகளில் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். குருசேகரக் கூட்டத்திலோ கல்லறைத் தோட்டக் குழுவிலோ இன்னொருவரின் இடத்தைத் தீர்மானிக்க ஒரு வசனத்தை எடுக்கும்போது அதை மட்டும் வாசிக்காதீர்கள். அந்த அதிகாரம் முழுவதையும், யாரைப் பற்றித் தீர்மானிக்கிறீர்களோ அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் வாயால் வாசிக்கக் கேளுங்கள். அதன் பிறகு எதைத் தள்ளுகிறீர்கள் என்பதையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.